ஒரு மணிக்கு ஓடிய மிக்சி

ஐந்தாம் மாடி, யாங்கோன்:

வீட்டோடு இருக்கும் அம்மாக்கள், மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னுடையது நள்ளிரவு ஒரு மணிக்குக் கதவு தட்டப்பட்ட கதை.

மியான்மரின் யாங்கோன் (ரங்கூன்) நகரின் நடுப்பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் குடியிருக்கிறோம். மின்சாரம் முறை வைத்து வருகிற காலம். அந்த வாரம் எங்கள் தெருவின் முறை இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை. கிரைண்டர் ஒன்று இருந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அதன் மோட்டார் புகைந்து போய்விட்டது. மிச்சம் மிக்சிதான். கரண்ட் வந்ததும் எழுந்து, ஊறிய உளுந்தை அள்ளிப் போட்டு, எல்லோரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட விடுவேன். ஒரு நாள் அந்தக் கத்தலுக்கு நடுவே தட்டல் கேட்டது. கதவைத் திறந்தால் மூன்றாம் மாடி பர்மிய அன்ட்டி. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் ஒரு பாத்திரம். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று பர்மியச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பாத்திரத்தை நீட்டி, "உன்னுடையது முடிந்ததும் இதையும் அரைத்துத் தருகிறாயா?" என்றார். உள்ளே ஊறிய ஒட்டரிசி.

பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்ஜானுக்கு இரண்டு நாள் இருந்தது. தண்ணீர்த் திருவிழாவுக்கு அவர்கள் செய்யும் மொன்லொன்யேபோ நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒட்டரிசி மாவு உருண்டைக்குள் பனைவெல்லத் துண்டு ஒன்றை வைத்து, கொதிக்கும் நீரில் போட வேண்டும். வெந்தது மேலே மிதந்து வரும். தேங்காய்த் துருவல் தூவித் தின்ன வேண்டியதுதான். விளையாட்டுக்காக ஓரிரண்டில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாயை வைத்துவிடுவார்கள். அந்த ஆண்டு சித்திரை முதல் நாளன்று என் மகன் கடித்தது அதைத்தான். வாயைத் திறந்துகொண்டு சமையலறைக்கும் பால்கனிக்கும் ஓடினான். அன்ட்டி சிரித்த சிரிப்பில் மூன்று மாடிக்கும் தூக்கம் கலைந்திருக்கும்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. காலையில் எங்கள் சந்தில் "பே...பியோ" என்று நீட்டிக் கூவிக்கொண்டு போகும் குரல் அவருடையதுதான். முளைகட்டிய பட்டாணியை வேகவைத்து விற்கிறார். விடியும் முன் அடுப்பு மூட்ட வேண்டியவர், ஒரு மணிக்கு விழித்திருந்ததில் வியப்பில்லை. இங்கே எல்லா பால்கனியிலிருந்தும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். நான் பணத்தைக் கிளிப்பில் செருகிக் கீழே விடுவேன்; பட்டாணிப் பொட்டலம் மேலே வரும். அரைத்துக் கொடுப்பதற்குக் கூலியாக ஒரு கைப்பிடி கூடுதலாக இருக்கும். அதைத் தாளித்து, தேங்காய் போட்டு, சுண்டலாக்கி அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒரு வாய் தின்றார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டாணியை ஏன் இப்படிச் செய்தாய்?" என்றார். வெங்காயமும் எண்ணெயும் போதுமாம். இன்னும் அந்த விஷயத்தில் எங்களுக்குள் சமாதானம் இல்லை.

சந்தையில் உளுந்து வாங்கும்போது நான் வீசை என்பேன், கடைக்காரர் பெய்தா என்பார். இரண்டும் ஒன்றுதான், ஏறக்குறைய 1.63 கிலோ. மதுரையில் இருக்கும் என் நாத்தனார், வீசை என்றால் தாத்தா காலத்துச் சொல் என்று கேலி செய்கிறாள். அவள் கடையில் வாங்கும் உளுந்தோ இங்கிருந்து கப்பலேறிப் போனதாகவும் இருக்கலாம்! உளுந்து போயிற்று, அளவு மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

சொல்ல வந்தது வேறு. பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தாயின் தொழில் என்ற இடத்தில் எழுத்தர் என்னைக் கேட்காமலே "மீகோ" என்று எழுதினார். பிறரைச் சார்ந்திருப்பவர் என்று பொருள். முந்தின இரவு ஒரு மணிக்கு எழுந்தவள் நான். கண் எரிச்சலோடு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மாலையில் மாடிப்படியில் அன்ட்டியிடம் புலம்பினேன். அவர் உள்ளே போய்த் தன் குடும்பப் பட்டியலை எடுத்து வந்து காட்டினார். மூன்று மகன்களைப் பட்டாணி விற்றுப் படிக்க வைத்தவர். அவர் பெயருக்கு நேரேயும் மீகோ. "அதை மாற்ற ஒரு நாள் அலைய வேண்டும். அன்றைக்கு யார் விற்பது?" என்றார்.

மோல்மீன் மருமகள்:

உங்கள் அன்ட்டியை எனக்கு அனுப்பி வையுங்கள் அக்கா. என் கதை சின்னது.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்து நான்தான் வீட்டில் சொல்லித் தருகிறேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சிலேட்டு. க-வுக்குக் கல், ச-வுக்குச் சட்டி என்று அடுப்படியில் இருப்பதையே காட்டிக்கொண்டு போவோம். ங வந்ததும் நின்றுவிட்டேன். அங்கே, இங்கே, தங்கம் என்று நடுவில் வருவதைச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, முதலில்தான் வர வேண்டுமாம். சற்று யோசித்துவிட்டு "ங, ஙப்பி!" என்று கத்தினான். கூடத்தில் மாமியார் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டிருந்தார். மீனை உப்பிட்டுப் புளிக்க வைத்துச் செய்யும் அந்த விழுதின் வாடை எங்கள் படிக்கட்டில் ஏறினாலே தலைவலி என்பவர். நான் நடுங்கிப் போனேன். பிள்ளை நிற்கவில்லை. ஙா என்றால் மீன், ஙா என்றால் ஐந்து, ஙசேன் என்றால் நாம் இட்லிக்குப் போடுகிற அரிசி என்று அடுக்கினான். பர்மிய மொழியில் மீனுக்கும் ஐந்துக்கும் ஒரே சொல்தான் என்பது உங்களுக்கும் தெரியும். மாமியார் திரும்பிப் பார்த்தார். "ஙசேன் என்றே எழுதச் சொல். வெள்ளிக்கிழமை மட்டும்" என்றார்.

அப்படியென்றால் சனிக்கிழமை ஙப்பி எழுதலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சிலேட்டில்தான். தட்டில் வைக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் அவன் தின்றுவிட்டு வருவதை நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

தூக்கமில்லாதவள், யாங்கோன்:

எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது. ஐந்தாம் மாடி அம்மா, உங்களைப் போன்ற ஒருவருக்குக் கீழ் வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவள் நான். மணிக்கணக்காகத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்த பிள்ளை, மிக்சியின் முதல் சுற்றிலேயே எழுந்துவிடும். ஒரு நாள் சண்டைக்கென்றே மேலே போனேன். கதவைத் திறந்தவர் நெற்றியெல்லாம் மாவு, பின்னால் அவருடைய குழந்தையும் அழுதுகொண்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், தோசைமாவு ஒரு கிண்ணம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

மாவு கொஞ்சம் தண்ணீராக இருந்தது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.