வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் இலாபம் உண்டா?

உவர்மலை ஆசிரியை
வீட்டுக் கடனில் இன்னும் 40 இலட்சம் ரூபாய் நிலுவை உண்டு. தவணை முடிய 10 ஆண்டுகள் இருக்கின்றன. 2023 இறுதியில் எடுத்த இந்தக் கடனுக்கு 16 சதவீத நிலையான வட்டி. வேறொரு வங்கி, முதல் 5 ஆண்டுகளுக்கு 12 சதவீத நிலையான வட்டியில், 15 ஆண்டுத் தவணையில் இக்கடனை ஏற்க முன்வந்துள்ளது. முன்கூட்டித் தீர்ப்பதற்கு இப்போதைய வங்கி 3 சதவீதம் கேட்கிறது. மாற்றலாமா?

கணக்குப்பிள்ளை
தங்கச்சி, 15 ஆண்டுகளுக்குக் கையொப்பமிட வேண்டாம். இப்போது உங்கள் மாதத் தவணை ஏறக்குறைய 67,000 ரூபாய். 12 சதவீதத்தில் 15 ஆண்டுகளென்றால் அது 48,000 ஆகக் குறையும். ஆனால் வட்டி 12 சதவீதமாகவே நிலைத்தாலும், கட்டி முடிக்கும் மொத்தத் தொகை 80 இலட்சத்திலிருந்து 86 இலட்சத்தைத் தாண்டிவிடும். அதே வட்டியை 10 ஆண்டுகளுக்கே கேட்டால் தவணை 57,400, மொத்தம் 69 இலட்சத்துக்குள் அடங்கும். முன்தீர்வுக் கட்டணம் 1,20,000 ரூபாயுடன் நொத்தாரிசு, காணி மதிப்பீடு, ஈட்டுப் பதிவுச் செலவுகளுக்கு 80,000 என்று வைத்தாலும், மாதம் 9,600 மிச்சப்படுவதால் 21 மாதங்களில் அந்தச் செலவு மீண்டுவிடும்.

நிலாவெளி விடுதிக்காரன்
அண்ணை, உங்கள் கணக்கு மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். இங்கே விடுதி, படகு, உணவகம் நடத்துவோருக்கு ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரைதான் கையில் பணம் புழங்கும். வாடை மழை தொடங்கினால் அறைகள் வெறுமையாகிவிடும். இப்போதைய கடனைவிட மொத்தத்தில் 6 இலட்சம் கூடுதலாகக் கட்டினாலும், டிசம்பரில் தவணை தவறித் தண்டவட்டி ஏறாமல் இருப்பதே குடும்பத்தைக் காக்கும். என்னைக் கேட்டால் 15 ஆண்டுகளே சரி.

கணக்குப்பிள்ளை
தம்பி, வருமானம் பருவத்துக்குப் பருவம் மாறுவது உண்மை. அதற்காக ஐந்து ஆண்டுகள் கூடுதலாக வட்டி கட்டுவதை ஏற்க முடியவில்லை. ஆசிரியைக்கு மாதச் சம்பளமும் இருக்கிறது.

உவர்மலை ஆசிரியை
என் கணவரின் வருமானம் நிலாவெளி விடுதி ஒன்றிலிருந்து வருகிறது; ஆகவே இருவர் சொல்வதும் எங்களுக்குப் பொருந்துகிறது.

பாலையூற்று வாசகன்
இருவரும் வட்டி 12 சதவீதத்திலேயே நிற்கும் என்று கொண்டு பேசுகிறீர்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அது மாறும் வட்டியாகும். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் கொள்கை வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது மாறும் வட்டிக் கடன்காரர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? மத்திய வங்கியின் இப்போதைய முதன்மை வீதமான ஓரிரவுக் கொள்கை வீதம் 2025 மே மாதம் 7.75 சதவீதத்துக்கு இறங்கியது. இனி எங்கே போகும் என்பதை எந்த வங்கி முகாமையாளராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் இப்போதைய வங்கிக்கே எழுத்தில் விண்ணப்பித்து, வட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள். 13 சதவீதத்துக்கு இணங்கினாலும் புதிய ஈட்டு உறுதியோ காணிப் பதிவக அலைச்சலோ பெரும்பாலும் இருக்காது. அத்தோடு, உங்கள் காணி சொந்த உறுதி உள்ள உறுதிக் காணியா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்பதைச் சொல்லவில்லையே? அனுமதிப்பத்திரக் காணியை எல்லா வங்கிகளும் ஈடாக ஏற்பதில்லை.

உவர்மலை ஆசிரியை
உறுதிக் காணிதான், ஐயா.

கணக்குப்பிள்ளை
அப்படியென்றால் பேரம் பேச உங்களிடம் வலு இருக்கிறது. மாறும் வட்டி பற்றிய அச்சம் நியாயமானது. ஆனாலும் செலவு 21 மாதங்களில் மீள்வதால், அதற்குப் பிந்திய மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேமிப்பு உங்கள் கையில்தான் இருக்கும். தவணையை 10 ஆண்டுகளுக்கே கேளுங்கள்.

நிலாவெளி விடுதிக்காரன்
தவணை 15 ஆண்டுகளாக இருக்கட்டும். பருவகாலத்தில் கிடைக்கும் பணத்தைக் கடனின் முதற்தொகையில் கழிக்க, கட்டணமின்றி அனுமதிக்கும் நிபந்தனையை உடன்படிக்கையில் சேர்க்கக் கேளுங்கள். அதற்கு வங்கி சம்மதித்தால் தவணைக் காலம் தானாகவே சுருங்கும். வாடைக் காலத்தில் 48,000 கட்டினாற் போதும்.

கணக்குப்பிள்ளை
அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால் மட்டுமே, தம்பி. வாய்ச்சொல்லை நம்பி ஐந்து ஆண்டுகளை நீட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.