1.6 எம்எக்ஸ்-5க்கு எந்த எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போடலாம்?

கியர்பெட்டி:
1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். டர்போ போட்டு ஆறு மாசம் ஆச்சு. பின்சக்கரம் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் மட்டும் இன்னும் பழைய ஓப்பன் டைப். செகண்ட் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்க டயர் சும்மா சுத்திப் புகையுது, வண்டி முன்னே போக மாட்டேங்குது. தினம் ஆபீஸுக்கும் இதே வண்டிதான். மாசம் ஒருமுறை டிராக். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம தடுக்கிற எல்எஸ்டி போடணும்: பல்சக்கரத்தால வேலை செய்யுற டோர்சனா, உராய்வுத் தட்டு வச்ச கிளட்ச் டைப்பா?

பின்சக்கரம்:
அதுக்கு முன்னாடி ஒண்ணு: 1.6 வண்டியோட 6 அங்குல கிரவுன் வீலை (டிஃபரன்ஷியலோட பெரிய பல்சக்கரம்) டர்போவோட நம்பாதீங்க. எனக்குப் பல் உடைஞ்சு நடுரோட்டில் நின்னேன். 1994-97 மாடல் 1.8 வண்டியில டோர்சனோட வந்த 7 அங்குல யூனிட்டை முழுசாவே தேடுங்க. அதுக்கான ஆக்சிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்த்தே வாங்கணும். ஃபைனல் டிரைவ் (டிஃபரன்ஷியலோட கியர் விகிதம்) 4.3ல இருந்து 4.1 ஆகும், டர்போவுக்கு அது நல்லதுதான். டோர்சன்ல தேயுற கிளட்ச் தட்டே கிடையாது.

மூணாம்வளைவு:
சரிதான். ஆனா டிராக் ஓரத்து கெர்ப் மேல ஏறி உள்சக்கரம் அந்தரத்தில தொங்கினா டோர்சனும் ஓப்பன் மாதிரிதான். டிரிஃப்ட் ஆசை இருந்தா 2-வே கிளட்ச் (ஆக்சிலரேட்டரை மிதிச்சாலும் விட்டாலும் பிடிக்கும்), டிராக்குக்கு 1.5-வே (விடும்போது பிடி குறைவு) போதும். கிளட்ச் டைப்ல ஆயிலை அடிக்கடி மாத்தணும். பார்க்கிங்ல திரும்பும்போது கடகடன்னு சத்தம் வரும், அது கோளாறு இல்லை.

கியர்பெட்டி:
டிரிஃப்ட் வேண்டாம். 1.8 யூனிட்டே தேடுறேன். ஆக்சில் விஷயம் சொன்னதுக்கு ரொம்ப நன்றி, தனியா டிஃப் மட்டும் வாங்க இருந்தேன்.