உப்புக்காற்று அடிக்கும் மாடியில் காம்போசிட் டெக் போடலாமா?

தேரடி வீட்டுக்காரன்:
திருவொற்றியூரில் எங்கள் வீடு. கடல் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. கான்கிரீட் மாடி, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாடியில்தான் நடை. ஓடு அங்கங்கே தூக்கி நிற்பதால் கால் தடுக்குகிறது. 120 சதுர அடிக்குக் காம்போசிட் டெக், அதாவது சட்டத்தின் மேல் பலகை அடுக்கிய தளம், போடலாம் என்றிருக்கிறேன். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, கரையான் அரிக்காது, பாலிஷ் வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். ஒரே நாளில் முடித்துத் தருவார்களாம். இந்தப் பக்கம் போட்டவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டு ஆசாரி:
தம்பி, வேண்டாம். படகு வேலை பார்க்கிறவன் நான். ஆசைப்பட்டு நானும் வீட்டு மாடியில் போட்டேன். ஒரு நாளில்தான் முடித்தார்கள். இரும்புப் பைப்பை வைத்து, இரண்டடிக்கு ஒரு ஆங்கர் போல்ட் என்று தட்டோட்டையும் சுருக்கியையும் துளைத்து இறக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த ஐப்பசி மழைக்கே படுக்கையறைக் கூரையில் ஓதம். மூன்றாவது வருஷம் பூச்சு உதிர்ந்து கட்டிலில் விழுந்தது. பலகையைக் கழற்றிப் பார்த்தால் அடியில் விரல் தடிமனுக்குச் சேறு, வேப்பிலை, நடுவில் தேங்கிய தண்ணீர். பைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. மேலே பலகை மட்டும் புதுசாக, பளபளவென்று இருந்தது. அதுதான் கொடுமை. வீடு அழுகுவது நமக்குத் தெரியாது.

பெரம்பூர் ஃபிட்டர்:
அண்ணா, உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனால் பழியைப் பலகை மேல் போடாதீர்கள். நான் இந்த வேலைதான் செய்கிறேன். மொட்டை மாடியில் டிரில் போடவே கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அலுமினியச் சட்டம், அதற்கு அடியில் ரப்பர் பேட் அல்லது உயரம் கூட்டிக் குறைக்கிற பெடஸ்டல், அவ்வளவுதான். தரையில் ஒரு ஓட்டை விழக் கூடாது.

தேரடி சார், வேலைக்கு வருகிற ஆளிடம் மாடியின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கேட்டதும் கையில் லெவல் எடுக்கிறாரா பாருங்கள். சட்டம் வாட்டத்தோடு போக வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒரு அணை. சட்டத்துக்குச் சட்டம் 12 அங்குலம் வையுங்கள், 16 வரை போகிற பலகையும் உண்டு, ஆனால் நம் வெயிலில் பிளாஸ்டிக் இளகும், நடுவில் தொய்யும். பக்கவாட்டில் பலகைக்குப் பலகை ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி, அதைப் பலகையைச் சட்டத்தில் பிடிக்கிற க்ளிப்பே கொடுத்துவிடும். பலகை முனைதான் ஏமாற்றும். மரம் ஈரத்தில் அகலத்துக்கு ஊதும், இது சூட்டில் நீளத்துக்கு ஓடும். மூன்று மீட்டர் பலகை 40 டிகிரி சூடு ஏறினால் நாலைந்து மில்லிமீட்டர் நீளலாம். மார்கழிக் காலையில் முனையோடு முனை முட்டி வைத்துவிட்டுப் போனால், கத்திரியில் நடுவில் வளைந்து எழும்பும். உங்கள் அப்பா அதில்தான் தடுக்குவார்.

காசிமேட்டு ஆசாரி:
தரையைத் துளைக்காமல் சும்மா விரித்து வைக்கிறீர்கள், சரி. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் தகரக் கூரையெல்லாம் பறந்தது. உங்கள் டெக் அசையாமல் உட்கார்ந்திருக்குமா?

பெரம்பூர் ஃபிட்டர்:
நியாயமான கேள்வி. பலகையை நாலைந்தாகச் சும்மா வைத்தால் பறக்கும். சட்டத்தையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து ஒரே பாய் மாதிரி ஆக்கி, கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் பிராக்கெட் அடித்துப் பிடிக்க வேண்டும். சுவரில் போடுகிற ஓட்டையைத் தரைக்கு மேலே ஓரடி உயரத்தில் போட்டு சீலண்ட் வைத்தால் கூரைக்குள் தண்ணீர் போகாது. இடைவெளி வழியாகக் காற்று மேலும் கீழும் போவதால் தகரத்தைத் தூக்குகிற மாதிரி தூக்காது. உள்ளே கெட்டியான பலகை என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ பக்கம் வரும், அதுவும் கை கொடுக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட கூரை. அதன் மேல் போடலாமா?

பெரம்பூர் ஃபிட்டர்:
அக்கா, வேண்டாம். இன்ஜினியர் வந்து விட்டத்தைத் தட்டிப் பார்க்காமல் யார் சொன்னாலும் போடாதீர்கள். ஆட்கள் ஏறிப் புழங்குகிற மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில் பாரம் கணக்குப் போடச் சொல்கிறது. அது இன்று கட்டுகிற கான்கிரீட்டுக்கு. உங்கள் விட்டத்தின் சுவரில் புதைந்த முனை எவ்வளவு உளுத்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அந்தக் கூரை சுண்ணாம்பு வழியாக மூச்சு விட வேண்டும், மேலே மூடாதீர்கள்.

காசிமேட்டு ஆசாரி:
இதில் ஃபிட்டர் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
நன்றி தம்பி. இன்னொன்று, தேரடி வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். என் தங்கை வீட்டு மாடியில் அடர் பழுப்பு நிறத்தில் போட்டிருக்கிறார்கள். போன மே மாதம் மிளகாய் காயவைக்கப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி வைக்க முடியவில்லை. நிழலுக்கு ஓடினேன். ஊறுகாய்க் கிண்ணம் கவிழ்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. மாடி என்றால் வடாம் பிழிவோம், அரிசி காயவைப்போம், தீபாவளிக்குப் புஸ்வாணம் கொளுத்துவோம். ஒரு பொறி விழுந்தால் பிளாஸ்டிக் உருகிக் குழி விழுகிறது. தட்டோட்டில் பொறி விழுந்தால் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போகலாம்.

தேரடி வீட்டுக்காரன்:
அக்கா, அப்பா காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கு மேலும்தான் ஏறுவார். நடுப்பகலில் யாரும் போவதில்லை. டெக் போட்டால் அடியில் நிழல் விழுந்து கீழ் அறை கொஞ்சம் குளிரும் என்றும் நினைக்கிறேன். தவறா?

பெரம்பூர் ஃபிட்டர்:
தவறில்லை. வெயில் நேராக ஓட்டில் விழாது, நடுவில் காற்று ஓடும். ஆனால் அதற்காக மட்டும் செலவு செய்யாதீர்கள். வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அந்த வேலையை மலிவாகவே செய்யும். நிறம் வெளிர் சாம்பலோ மணல் நிறமோ எடுங்கள். அக்கா சொன்ன கறை பிடித்தது, மேலே பிளாஸ்டிக் உறை போடாத பழைய வகைப் பலகையாக இருக்கும். அதில் மரத்தூள் வெளியே தெரியும், எண்ணெய் உடனே இறங்கும், பூஞ்சையும் பிடிக்கும். முதல் சில மாதம் மழையில் பழுப்புத் தண்ணீர் வடியும், பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் கோடு விழுந்து சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன். உறை போட்ட பலகையில் எண்ணெயை அன்றைக்கே சோப்புத் தண்ணீரால் கழுவினால் போய்விடும். பட்டாசு விஷயத்தில் அக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை. டெக் மேல் கொளுத்தவே கூடாது.

எண்ணூர் வாசகி:
பராமரிப்பு வேண்டாம் என்று கடையில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் பக்கம் ராத்திரி துணி காயப்போட்டால் காலையில் கரித்தூள். நாங்கள் போட்டு ஐந்து வருஷம் ஆகிறது, திருப்திதான், ஆனால் வாரா வாரம் மென்மையான பிரஷ்ஷால் பலகை ஓடுகிற திசையில் தேய்த்துக் கழுவுகிறேன். கம்பி பிரஷ், கரண்டி எதுவும் தொடக் கூடாது, கீறினால் மரம் மாதிரி இழைத்துச் சரிசெய்ய முடியாது. பிரஷர் வாஷர் என்றால் விசிறி நாசில், ஓரடி தள்ளிப் பிடிக்க வேண்டும். இடுக்கில் சேரும் குப்பையை ஐஸ்கிரீம் குச்சியால் எடுப்பேன். புரட்டாசியில் ஓரப் பலகைகளைக் கழற்றி அடியில் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் டெங்குதான்.

காசிமேட்டு ஆசாரி:
அம்மா, நீங்கள் செய்வது பத்து வீட்டில் ஒரு வீட்டில் நடக்குமா? மற்றவர்கள் போட்ட அன்றோடு மறந்துவிடுவார்கள். நான் மறந்தேன். அதனால்தான் சொல்கிறேன், பழைய தட்டோட்டைப் பெயர்த்து வாட்டம் சரிசெய்து புது ஓடு பதித்தால் அப்பா தடுக்காமல் நடப்பார். கொத்தனார் கூலியோடு போகும். கண்ணுக்குத் தெரிகிற கூரைதான் நல்ல கூரை.

அப்படியும் போடுவதென்றால் ஸ்க்ரூவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) என்று சொல்லி 202 ரகம் கொடுப்பார்கள், கடற்கரையில் அது சீக்கிரமே சிவக்கும். 304-கூடத் தேநீர்க் கறை மாதிரி பிடிக்கும். படகுக்கு நாங்கள் போடுகிற 316 கேளுங்கள், அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, வெல்டிங் வைக்கவே விடாதீர்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கேதான் துரு பிறக்கும். என் பைப்பில் முதலில் போனதும் அந்த இடம்தான்.

பெரம்பூர் ஃபிட்டர்:
அண்ணா, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நல்ல வேலைக்கு வழி சொல்லிவிட்டீர்கள். இதைத்தான் நானும் கஸ்டமர்களிடம் மன்றாடுகிறேன், விலையைக் கேட்டதும் 202-க்குப் போய்விடுகிறார்கள்.

தேரடி வீட்டுக்காரன்:
கடையில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஒரு நாள் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் ஆசாரி அண்ணா சொன்னபடி கொத்தனாரை வைத்துத் தூக்கிய ஓடுகளை மாற்றி, இடுக்குகளை அடைத்தாயிற்று. மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு நாள் நிற்கட்டும். கீழே கூரையில் பொட்டு ஈரம் தெரிந்தாலும் டெக் கிடையாது, வாட்டர் ப்ரூஃபிங்தான். ஈரம் இல்லையென்றால் 120 இல்லை, அப்பா நடக்கிற 60 சதுர அடி மட்டும், வெளிர் சாம்பல், அலுமினியச் சட்டம்.

காசிமேட்டு ஆசாரி:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. போடுகிறீர்களென்றால் குழாய் வாய்க்கு மேல் வருகிற இரண்டு பலகையைத் தனியாகத் தூக்குகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். மழைநீர்த் தொட்டிக்குப் போகிற வழி அது. ராத்திரி மழையில் இலை அடைத்தால் ஸ்க்ரூ டிரைவர் தேடாமல் கையை விட்டு எடுக்க முடிய வேண்டும். வேலை முடிந்த அன்றே நீங்களே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள்.