காசநோயாளியை வீட்டுக்கு விரட்டினார்களா?

பாலாற்றங்கரை:
நேற்று வேறொரு இழையில் தாம்பரத்தான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டிய காசநோயாளியின் கையில் மாத்திரையைத் திணித்து வீட்டுக்கு விரட்டினார்கள், அன்றிலிருந்துதான் நோய் வீடுவீடாகப் பரவியது" என்கிறார். விரட்டவில்லை ஐயா, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். சோதித்ததும் நம் சென்னைச் சேத்துப்பட்டில்தான்! 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியம் என்கிற, மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையிலும் வைத்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடத்துக்கு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடித்தனங்களில், கிடைத்ததைச் சாப்பிட்டுக் கிடந்தவர்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றியதா என்றும் பார்த்தார்கள். இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான முடிவு இது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதற்கு நம்ம ஊர் ஆய்வு ஒரு பெரிய காரணம். அதைப் போய் "விரட்டினார்கள்" என்று எழுதுவதா?

தாம்பரத்தான்:
முழுசாகச் சொல்லுங்கள் சார். வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. இதை ஏன் முழுங்கிவிட்டீர்கள்? எடை கூடியதும் சானடோரியக்காரர்களுக்குத்தான் அதிகம். என் தாத்தா 14 மாதம் தாம்பரம் சானடோரியத்தில் படுத்திருந்து, நடந்தே வீட்டுக்கு வந்தவர். 92 பெரிதா, 86 பெரிதா?

பாலாற்றங்கரை:
193 பேரில் பாதி எவ்வளவு? நூற்றுக்கும் குறைவு. அதில் ஆறு சதவீதம் ஐந்தாறு பேர்தான். அந்த ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டா லட்சக்கணக்கான பேருக்கு முடிவு சொல்வது? ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் 90-ஐ ஒட்டித்தான் நின்றது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

தாம்பரத்தான்:
அந்த ஐந்தாறு பேரில் உங்கள் அப்பா ஒருவராக இருந்தால் இப்படி எழுதுவீர்களா? 92 என்பது 92தான்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சந்தேகம். "அடங்கியது" என்றால் குணமா, சளியில் கிருமி இல்லை என்பதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

தாம்பரத்தான்:
அகராதி பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வெள்ளைக்காரன் பார்த்துப் பார்த்துக் கட்டின சானடோரியம், மரமும் காற்றும் பாலும் முட்டையும் இருந்த இடம். அதை மூடிவிட்டு என்ன சாதித்தோம்?

மெயில்வண்டி:
இரண்டு தப்பு. வெள்ளைக்காரன் கட்டவில்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தது, 1937-இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. மூடவும் இல்லை. இன்றைக்கும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது, 1990-களிலிருந்து எச்ஐவி நோயாளிகளைப் பார்க்கிறது. ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். பெயரில் தாம்பரத்தை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா?

தாம்பரத்தான்:
மூன்று தலைமுறையாகத் தாம்பரத்தில் இருக்கிறோம். நீங்கள் ரயிலில் தாண்டிப் போகிறவர். போன மாதம் ஏரி பற்றிய இழையிலும் இப்படித்தான் மூக்கை நுழைத்தீர்கள், நான் மறக்கவில்லை. யார் கட்டினால் என்ன, 92 மாறிவிடுமா?

மெயில்வண்டி:
ஏரி இழையிலும் நீங்கள் சொன்ன வருடம்தான் தப்பு.

சேத்துப்பட்டு மருமகள்:
என் மாமியாருக்கு 1960-களில் இந்த நோய். இரண்டு வயசுக் குழந்தையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் படுக்கப் போயிருந்தால் அந்தக் குடும்பமே சிதறியிருக்கும். வாரம் இரண்டு நாள் சேத்துப்பட்டுக்குப் போய் அவர்கள் கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உலை வைத்திருக்கிறார். அதற்கு முந்தி வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பிய காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து மீதி மாத்திரையை எண்ணுவார்களாம், மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரையும் சோதிப்பார்களாம். விரட்டிவிட்டவர்கள் வீடு தேடி வருவார்களா?

தாம்பரத்தான்:
அம்மா, உங்கள் மாமியார் நல்லபடியாக இருந்தது சந்தோஷம். ஆனால் என் தாத்தாவின் டம்ளரை நான் பார்த்திருக்கிறேன். சானடோரியத்திலிருந்து வந்த பிறகும் திண்ணை ஆணியில் தனியாகத் தொங்கியது. அடியில் ஆணியால் கீறிய அவர் பெயரின் முதல் எழுத்து. அந்த டம்ளரில் வேறு யாரும் கடைசி வரை தண்ணீர் குடித்ததில்லை. வீடு அவரை அப்படித்தான் வைத்திருந்தது. சானடோரியத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொல்வார். இதை எந்த ஆய்வு அளந்தது?

பாலாற்றங்கரை:
நோய் முற்றினவன்தான் உள்ளே போவான் என்று ஊருக்கே தெரிந்திருந்த காலம் அது, அதனால்தான் அந்த ஆணியும் டம்ளரும். சானடோரியமே அந்தப் பயத்தை வளர்த்தது.

தாம்பரத்தான்:
என் தாத்தாவின் வீட்டைப் பற்றி எனக்கே பாடம் எடுக்க வேண்டாம்.

சைக்கிள் செவிலி:
நான் களத்தில் இருக்கிறேன், இருவருமே பழைய கதை பேசுகிறீர்கள். 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தமிழ்நாட்டில் நடக்கிறது. நோய் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறோம். மோசமாக இருப்பவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறோம், மற்றவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை. போன வாரம் ஒருவர், முப்பது வயசுகூட ஆகவில்லை, எடை பார்க்கும் மெஷினில் ஏற இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. அவரிடம் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்குப் போ என்றா சொல்வது?

தாம்பரத்தான்:
கேட்டீர்களா! செவிலியம்மாவே படுக்கை வேண்டும் என்கிறார்.

சைக்கிள் செவிலி:
எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. என் வார்த்தையைத் திருப்பாதீர்கள்.

பாலாற்றங்கரை:
அவர் சொன்னது என் பக்கம். பெரும்பாலானவர்களுக்கு வீடுதான்.

சைக்கிள் செவிலி:
உங்கள் பக்கமும் இல்லை சார். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் ஆரம்பித்தார்கள், 2024 நவம்பரிலிருந்துதான் 1000 ஆனது. முட்டை விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

மெயில்வண்டி:
தாம்பரத்தான், 1928 என்பதை ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா?

தாம்பரத்தான்:
நான் கேட்டது முதலில் கேட்டது. தாத்தாவின் டிஸ்சார்ஜ் சீட்டு பரணில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படம் போடுகிறேன். அதற்குள் யாராவது ஒருவர் 92-க்கும் 86-க்கும் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அடங்கியது என்றால் என்ன என்று நானும் கேட்டிருந்தேன்.