கடல்மீன் தொட்டி: 24 நாளாகியும் நைட்ரைட் இறங்கவில்லை, உதவுங்கள்

நாகர்கோவில் புதுத்தொட்டி:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். இரண்டடித் தொட்டி, தண்ணீர் சுமார் 60 லிட்டர். முட்டம் பாறைப் பக்கத்தில் கேன் கேனாகப் பிடித்து வந்த கடல் தண்ணீர்தான். கடையில் வாங்கிய காய்ந்த கல் 6 கிலோ, அடியில் கடற்கரை மணல். பச்சை இறால் ஒன்றை அழுகப் போட்டு சைக்கிளிங் (மீன் விடுமுன் கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்ப்பது) தொடங்கினேன். அம்மோனியா 15-ஆம் நாளே பூஜ்யம். அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் மட்டும் டெஸ்ட் கிட்டில் இன்று வரை கடும் ஊதா, அதாவது மிக அதிகம். பொறுமையில்லாமல், சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டு இரண்டை விட்டேன். ஒன்று மறுநாளே செத்துவிட்டது. மற்றது தலையை வெளியே நீட்டவே மாட்டேன் என்கிறது. நிமோ (கோமாளி மீன்) ஜோடிக்கு முன்பணம் வேறு கொடுத்துவிட்டேன்.

தக்கலை மீன்பிரியன்:
நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். 4 முதல் 6 வாரம் ஆவது சகஜம். இன்னும் இரண்டு வாரம் சும்மா இருங்கள். நிமோ கடைக்காரரிடமே இருக்கட்டும்.

குளச்சல்காரன்:
தம்பி, நண்டு செத்ததற்கு நைட்ரைட்டைக் குறை சொல்ல முடியாது. கடல் தண்ணீரில் குளோரைடு அதிகம் என்பதால் நைட்ரைட் உடம்புக்குள் எளிதில் ஏறாது. நன்னீர் தொட்டியில்தான் அது எமன். இரண்டு கேள்வி. வற்றும் தண்ணீருக்கு ஈடாக எதை ஊற்றுகிறீர்கள்? உப்பின் அளவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நாகர்கோவில் புதுத்தொட்டி:
உப்பு முதல் நாள் பார்த்தேன், அடர்த்தி 1.026 (நல்ல தண்ணீருக்கு 1.000). சூட்டுக்காகத் தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஓடுகிறது, தினமும் அரை லிட்டர் வற்றும். கேனில் மிச்சமிருக்கும் கடல் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர்தானே?

குளச்சல்காரன்:
அங்கேதான் கோளாறு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே கிடக்கும். அரை லிட்டர் வீதம் 24 நாளுக்கு 12 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் 420 கிராம் உப்பைக் கூடுதலாகக் கொட்டியிருக்கிறீர்கள். லிட்டருக்கு 35 இருந்தது இப்போது 42. புத்தளம் உப்பளத்தில் செய்யும் வேலையை வீட்டு ஹாலில் செய்துகொண்டிருக்கிறீர்கள், போங்கள்! உப்பு இப்படி ஏறினால் பாக்டீரியாவும் மந்தமாகும்.

இன்றே அளந்து பாருங்கள். தினமும் 2 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர், ஐந்து நாள். ஒரே மூச்சில் இறக்க வேண்டாம், மிச்சமிருக்கும் நண்டும் போய்விடும். அப்புறம் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையில் அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பாசி மண்டிவிடும்.

மார்த்தாண்டம் அக்கா:
அந்தக் கடற்கரை மணல் எந்த ஊர்? கறுப்பா?

நாகர்கோவில் புதுத்தொட்டி:
மணவாளக்குறிச்சி, அக்கா. பளபளவென்று நன்றாக இருந்தது.

மார்த்தாண்டம் அக்கா:
மணலை எடுத்துவிடுங்கள், தம்பி. இரும்பு கலந்த இல்மனைட்டும், கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்த மோனசைட்டும் கிடக்கிற மணல் அது. ஒரு நல்ல காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். பம்பின் உள்ளே சுழல்வதும் காந்தம்தான், அந்தத் துகள் அதில் ஒட்டினால் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். பாக்டீரியாவுக்குக் கல்லே போதும்.

இன்னொன்று, ரீஃப் (பவளத் தொட்டி) ஆசையில் கடலுக்குள் இருந்து பவளக் கல் எடுத்து வந்துவிடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரி. கடல்குதிரையும் அப்படித்தான்.

நாகர்கோவில் புதுத்தொட்டி:
அளந்தேன், 1.032! காந்தத்துக்கு மீசை முளைத்த மாதிரி மணல் ஒட்டிக்கொண்டது. மணலை அள்ளிவிட்டேன், முதல் 2 லிட்டரும் மாற்றியாயிற்று.

நாகர்கோவில் புதுத்தொட்டி (12 நாள் கழித்து):
உப்பு 1.026. நைட்ரைட் நேற்று வெளிர் ஊதா, இன்று காலை ஊதாவே இல்லை. நண்டு கல் மேல் ஏறி மேய்கிறது. நைட்ரைட் மாறி உண்டாகும் நைட்ரேட் 40 காட்டுகிறது, நிமோவைக் கூட்டி வரலாமா?

குளச்சல்காரன்:
மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு வாருங்கள். இப்படி மாற்றும்போது உப்பும் சேர்ந்து வெளியே போகும், அதனால் கடல் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஆர்ஓ அல்ல. மணக்குடி பக்கம் பிடிக்காதீர்கள், பழையாறு கலக்கும் இடம். ஜோடியில் ஒன்றாவது சின்னதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சண்டை வரும்.