எல்க் இறைச்சி வந்திருக்கிறது, கறி வைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் நோர்வேயில், எல்வரும் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு காட்டோரக் கிராமத்தில் இருக்கிறோம். செப்டெம்பர் 25இல் எல்க் என்ற பெரிய மான் வகையின் வேட்டை தொடங்கியது. பக்கத்து வீட்டு ஐயாவின் குழுவுக்கு ஒன்று கிடைத்து, எங்களுக்கும் 12 கிலோ தந்தார். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மரை தெரியும்தானே. இது அதைவிடப் பெரியது.

இங்கே வெட்டியவுடன் சாப்பிடுவதில்லை. நாள் கணக்கையும் வெப்பநிலையையும் பெருக்கினால் 40 வரும்வரை தொங்கவிடுகிறார்கள். 4 பாகை செல்சியஸில் என்றால் பத்து நாள். ஐயா வீட்டில் சூனிப்பர் என்ற செடியின் வாசனைக் காய் இடித்துப் போட்டு, பழுப்புச் சீஸ் கரைத்த குழம்போடு, காட்டுச் செம்பழ ஜாமும் வைத்துத் தந்தார்கள். அவ்வளவு ருசி! காட்டு வாசனை இருந்தது, ஆனால் உறுத்தவில்லை.

நான் வைத்த கறிதான் சரிவரவில்லை. ஆட்டிறைச்சி போலவே நினைத்து ஒரு மணி நேரம் வேகவைத்தேன். கொழுப்பே இல்லாத இறைச்சி, நார் நாராக வறண்டுவிட்டது.

தோள்பகுதியும் எலும்போடு முன்காலும் மிச்சம் இருக்கின்றன. தயிரில் ஊறவைக்கலாமா? எலும்புத் துண்டுகளை எத்தனை மணி நேரம் மெல்லிய தீயில் விடவேண்டும்? தேங்காய்ப்பால் எப்போது சேர்ப்பது? அப்புறம், யாழ்ப்பாணத்துத் தூள் இதன் வாசனையை அமுக்கிவிடுமா, மிளகு மட்டும் போதுமா? சமைத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமை அம்மா வருகிறார், அவருக்கு நல்ல கறியாகக் கொடுக்க ஆசை.