பொருள்: நாரோபேண்ட் ஃபில்டர் – ‘கீற்று வடிப்பான்’ ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வானைப் படமெடுக்கும்போது குறுகிய நிறப்பட்டை ஒன்றை மட்டும் கேமராவுக்குள் விடும் கண்ணாடிதான் நாரோபேண்ட் ஃபில்டர். அதற்குத் தமிழில் ‘ஒளிமாசு வடிகட்டி’ போதும் என்ற முந்தைய மடலின் முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் இலக்கணம் அல்ல, என் நண்பர் பட்ட பாடு. அந்தப் பெயரை நம்பி ஒன்றை வாங்கி, சென்னை மொட்டைமாடியிலிருந்து கார்த்திகைக் கூட்டத்தை விடிய விடியப் படமெடுத்தார். விண்மீன்கள் மங்கலாக விழுந்தன. அவற்றைச் சூழ்ந்த நீலப் படலம் அறவே இல்லை. அது எதிரொளிப்பு விண்முகில் (நெபுலா). தூசு சிதறடிக்கும் விண்மீன் ஒளி என்பதால் பல நிறங்களும் கலந்தது. வடிப்பான் தெருவிளக்கோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டது.

இந்தக் கண்ணாடித் துண்டுக்கு மாசு எது, விண்முகில் எது என்று தெரியாது. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பைச் சுற்றி, 7 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிடும், அவ்வளவுதான். திருவாதிரைக்குக் கிழக்கே உள்ள ரோசெட் விண்முகில் தன் சிவப்பில் பெரும்பகுதியை அந்த இடத்தில்தான் கொட்டுகிறது. எல்இடி விளக்கோ நீலம் முதல் சிவப்பு வரை பரவிக் கிடக்கிறது. அந்தச் சந்தில் அதன் ஒளி துளிதான் நுழையும். சோடியம் விளக்குக் காலத்தில் அதன் மஞ்சள் ஒளி விழும் 589 நானோமீட்டரைச் சுற்றி வெட்டினாலே பெரும் நிம்மதி. அந்தப் பழைய வடிப்பான்களுக்கு வேண்டுமானால் ‘ஒளிமாசு’ பட்டத்தை விட்டுக்கொடுப்போம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நாரோபேண்டை அப்படியே பெயர்த்தால் வரும் ‘குறும்பட்டை’ எனக்கு ஒட்டவில்லை. குறுஞ்செய்தி, குறும்படம் எல்லாம் நீளத்தில் குறைந்தவை. இங்கே குறைவது அகலம். ‘ஒடுக்கப்பட்டை’ என்று எழுதிப் பார்த்தால் ‘ஒடுக்கப்பட்ட’ என்பதன் எழுத்துப்பிழையாகத்தான் கண்ணில் படுகிறது. ‘வரி வடிப்பான்’ நிறமாலை வரியைச் சொல்வதால் பொருள் சரிதான். ஆனால் ஏதோ வருமான வரித் துறைச் சாதனம் போல ஒலிக்கிறது.

ஓலைக் கூரையின் இடுக்கில் நுழையும் வெயிலை ஒளிக்கீற்று என்கிறோமே, அதுவே இதற்குப் போதும் என்பது என் எண்ணம்: கீற்று வடிப்பான். ஹைட்ரஜனோடு 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் ஒளியையும் விடுவது இருகீற்று வடிப்பான். வண்ணக் கேமரா வைத்திருப்போர் வாங்குவது அதைத்தான். (வடிகட்டியா, வடிப்பானா என்ற சண்டை வேண்டாம். வடிகட்டி சமையலறையை விட்டு வெளியே வர மறுக்கிறது.)

ஓர் இடர் உண்டு. பள்ளி இயற்பியலில் ‘கீற்றணி’ ஏற்கெனவே இருக்கிறது. அது நிறங்களை விரித்துக் காட்டுவது. இது ஒன்றை விட்டு மற்றதைத் தடுப்பது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் தடுமாறுவாரா? வகுப்பெடுக்கும் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் அடுத்த ரோசெட் படத்தின் கீழ் ‘7 நானோமீட்டர் கீற்று’ என்றே எழுதப்போகிறேன். படிக்கும்போது உறுத்தினால் தயங்காமல் எழுதுங்கள்.